கடல் – ஒன்று

கடலை நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். எண்ணிக்கை ஒன்று, நிலை நன்று. சொன்னால் என் மைத்துனி பிரபாவதி சிரிக்கிறாள். பத்திரம் பீரோவில்தான் இருக்கிறது. யார் கேட்டாலும் எடுத்துக் காட்டுவேன்.

கல்பாக்கத்தில் முப்பத்து மூன்று வருஷம் ஸ்டோர்ஸ் பார்த்தவன் நான். எண்ணிப் பார்க்காமல் கோதண்டராமன் கையெழுத்துப் போடமாட்டான் என்று அங்கே பேர். ஒருமுறை வாஷர் மூட்டை ஒன்றை எண்ணிக்கொண்டிருந்தபோது நில அதிர்வு வந்து ஆபீஸ் முழுக்க வெளியே ஓடியது. நான் எண்ணி முடித்துவிட்டுத்தான் ஓடினேன். நாலாயிரத்துக்கு இரண்டு குறைந்தது. அப்படிப்பட்டவன் ஒரு வெள்ளிக்கிழமை, பத்தரை மணி ராகுகாலத்துக்குப் பயந்துகொண்டு, எண்ணாமல் படிக்காமல் ஒரு கையெழுத்துப் போட்டேன். அதன் பலனாக எட்டு மாதம் என் வீட்டுக் கழிப்பறைக்கு வெளியே நான் வரிசையில் நின்றேன். எனக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரைக்காரன் கழிப்பறைக்கு வெளியே நிற்பது என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

2006-ஆம் வருஷம் மார்ச்சில் ஓய்வு பெற்றேன். குவார்ட்டர்ஸை ஜூலை முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். ஜூலை நடுவிலேயே ஆடி பிறந்துவிடும். ஆடியில் எவன் வீடு மாறுவான்? ஆக, ஆனிக்குள் எங்கேயாவது பால் காய்ச்சியாக வேண்டும். மதுராந்தகத்தில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தேன். நல்ல தண்ணீர்க் கிணறு, கூப்பிடு தூரத்தில் பஸ் ஸ்டாண்டு. என் மனைவி ரமா அரிசி களைந்துகொண்டே கேட்டாள். களைந்துகொண்டே சொன்னாள்:

"நீங்க அங்க இருங்கோ. நான் பிரபாவதி ஆத்துல இருந்துக்கறேன்."

பிரபாவதி அவளுடைய தங்கை. மாம்பலத்தில் லிஃப்ட் வைத்த அடுக்குமாடியில் இருக்கிறாள். எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வரும்போதெல்லாம் "இங்க லிஃப்ட் இல்லையோன்னோ, மூச்சு வாங்கறது" என்பாள். நாங்கள் இருந்தது தரைத்தளம்.

இப்படித்தான் புரோக்கர் மோசஸ் எங்களுக்கு வாய்த்தான். கோவளத்துக்காரன். கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகிற ரோட்டில் அப்போது கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களை நம்பிப் பொட்டல் முழுக்கக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதில் ஒன்று 'கிராண்ட் சாகரா பேலஸ்'. ஏழு மாடி.

"இந்த வீட்டைத்தான் சொன்னியா?" என்று கேட்டேன்.

"வூடுன்னு சொல்லாத சார், கோச்சிக்கும். லக்சுரி அபார்ட்மென்ட்!"

வாசலில் குடத்தைச் சாய்த்தபடி ஒரு வெள்ளைக்காரச் சிமென்ட் பெண் நின்றாள். குடத்திலிருந்து தண்ணீர் கொட்ட வேண்டுமாம். கொட்டவில்லை. பெருக்குகிற முனியம்மா அவள் கழுத்தில் ஈர மாப்பைக் காயப்போட்டிருந்தாள். உள்ளே நீச்சல்குளம். திறப்பு விழாவன்று பதினோரு லாரித் தண்ணீர் விட்டு நிரப்பினார்களாம். குழாயில் தண்ணீர் வராததால் மறுநாள் விடிவதற்குள் குடித்தனக்காரர்கள் அவ்வளவையும் பக்கெட்டில் மொண்டு மேலே கொண்டுபோய்விட்டார்கள். அதற்கப்புறம் அது வெறும் குளம். அசோசியேஷன் கூட்டம் அதற்குள்தான் நடக்கும். லிஃப்ட் இருந்தது. அதன் வேகத்தைப் பற்றி நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. கீழே ஏறும்போது முகம் மழித்திருந்த நான்காவது மாடிக்காரர் ஒருவர் இறங்கும்போது தாடியோடு இறங்கினார், அவ்வளவுதான். சுவர்களும் அந்த ரகம். பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் ரமா பழக்க தோஷத்தில் "நூறு" என்பாள். அவர் அங்கிருந்தே "தேங்க்ஸ் மாமி" என்பார்.

வீட்டுக்காரர் பார்த்தசாரதி பாங்கில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஏழாவது மாடியில் எங்களுக்காகக் காத்திருந்தார். அந்த வீட்டில் அவர் ஒருநாளும் குடியிருந்ததில்லை. நங்கநல்லூரில் அப்பா கட்டிய வீட்டில் காற்றோட்டமாக இருந்துகொண்டு, இதை இன்வெஸ்ட்மென்ட் என்றார். எங்களை உட்காரச் சொல்லவில்லை. உட்கார நாற்காலியும் இல்லை.

"ப்யூர் வெஜ்தானே?"

"ஆமாம்."

"வெங்காயம்?"

"சாம்பாருக்குள்ள போட்டா சாப்பிடுவோம்."

"அது போகட்டும். ஆணி அடிப்பேளா?"

"முப்பத்து மூணு வருஷம் ஆணி எண்ணியிருக்கேன். ஒண்ணுகூட அடிச்சதில்லை."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்துவிட்டது. வீட்டைச் சுற்றிக் காட்டினார். மூன்று படுக்கையறை என்று விளம்பரம். ஒன்றில் அவருடைய சாமான்களைப் போட்டுப் பூட்டியிருந்தார். அதற்குள்ளேயே ஒரு கழிப்பறையும் பூட்டுக்குள் போயிற்று. மிச்சமிருந்தது ஒரே ஒரு கழிப்பறை. பால்கனிக்குப் போனேன். கீழே செப்டிக் டேங்க் லாரிகள் வரிசையாக நின்றன.

"கடல் தெரியும்னு மோசஸ் சொன்னானே?"

பார்த்தசாரதி முகம் கோயில் பட்டர் முகம் மாதிரி ஆகிவிட்டது. "செருப்பைக் கழட்டிட்டு வாங்கோ" என்று முன்னால் நடந்தார். போன இடம் கழிப்பறை. கமோடின் மூடிமேல் தேக்குப் பலகை ஒன்று வைத்து, அதன்மேல் சின்னதாக ஒரு ஜமுக்காளம் விரித்திருந்தது. தலைக்குமேல் வென்டிலேட்டர், அதில் இரண்டு கண்ணாடிப் பட்டையைக் கழற்றி வைத்திருந்தார்.

"ஏறுங்கோ."

ஏறினேன். ஒரு பனைமரத்துக்கும் ஒரு தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில், வேட்டிக் கரை அகலத்துக்கு நீலமாக ஏதோ தெரிந்தது. கடல்தான். பொய் சொல்லக்கூடாது.

அடுத்து ரமா ஏறினாள். இறங்க மனமில்லாமல் நின்றாள். "பிரபாவதி ஆத்து ஜன்னல்ல பார்த்தா எதிராத்து ஈரத்துணிதான் தெரியும்" என்றாள். அந்த நிமிஷமே மதுராந்தகம் போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"இந்த வியூவுக்காகத்தான் ஸார் வாடகை கொஞ்சம் கூட" என்றார் பார்த்தசாரதி.

வாசற்படியில் நின்ற மோசஸ் மெதுவாகச் சொன்னான்: "சுனாமி அன்னிக்கு கடலு எங்க வூட்டுக்குள்ளாற வந்து அல்லாத்தையும் பாத்துட்டுப் போச்சு சார். அதுக்கு நாங்க ஒரு டப்பு கேக்கல."

பார்த்தசாரதி காதில் அது விழவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து "பத்து இருபத்திரண்டு! இன்னும் எட்டு நிமிஷத்துல ராகுகாலம்" என்று பத்திரத்தை நீட்டினார். ஆனி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை அது. வீடு பிடித்தால் அன்றே காய்ச்சிவிடுவது என்று கொண்டுவந்த பாத்திரமும் பாலுமாக ரமா நிற்கிறாள். படிக்கக் கண்ணாடி தேடினேன். "அப்புறமா படிக்கலாமே, போடுங்கோன்னா" என்றாள். போட்டேன்.

பால் காய்ச்சினோம். பொங்குகிற சமயத்தில் பார்த்தசாரதி துணியோடு ஓடிவந்து "பொங்க விடாதேங்கோ, கிரானைட் கறையாயிடும்" என்றார். "பொங்கறதுக்குத்தானே வந்திருக்கோம்" என்றாள் ரமா. கடைசியில் பாத்திரத்தை ஒரு தாம்பாளத்தில் வைத்து அதற்குள்ளேயே பொங்கிக்கொண்டோம்.

சாப்பாட்டுக்கு அப்புறம் பத்திரத்தைப் படித்தேன். கடைசிப் பக்கத்தில் சாமான் பட்டியல். ஃபேன் – 5. குழாய் – 9. கமோடு – 1. தேக்குப் பலகை – 1. கடல் – 1. 'மேற்படி அனைத்தையும் வாடகைதாரர் பெற்றுக்கொண்ட நிலையிலேயே திருப்பி ஒப்படைக்க வேண்டியது.' அதன் கீழே இன்னொரு வரி: 'ஞாயிறுதோறும் காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலும், விசேஷ தினங்களிலும், உரிமையாளரும் அவரைச் சேர்ந்தவர்களும் கடலைப் பார்வையிட வாடகைதாரர் இடமளிக்க வேண்டியது. தவறினால் ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டியது.'

அதன்கீழ் என் கையெழுத்து. அழகாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகள் ஆரம்பித்தன. சரியாக ஒன்பதுக்கு மணி அடிக்கும். பார்த்தசாரதி, அவர் சம்சாரம் ஸ்ரீதேவி, அவளுடைய அத்தை, அத்தையின் டில்லிச் சம்பந்தி, பாங்கில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள். என்னை யாருக்கும் அறிமுகம் செய்யமாட்டார். ஹாலில் இருக்கிற சோபா போல நானும் இருப்பேன். ஒருவர் பின் ஒருவராகப் பலகைமேல் ஏறி "அடேயப்பா" என்பார்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிஷம். பூனாவிலிருந்து வந்த ஒருவர் பைனாகுலர் கொண்டுவந்து இருபது நிமிஷம் பார்த்தார். அன்றைக்கு நான் ஏழு மாடி இறங்கி, வாட்ச்மேன் அறைக்குப் பின்னால் போய்விட்டு, ஏழு மாடி ஏறி வந்தேன். லிஃப்டுக்குக் காத்திருக்கிற நிலையில் நான் இல்லை.

"ஒரு ஞாயித்துக்கிழமை கதவைத் தாப்பா போட்டுண்டு உள்ள உக்காந்துடறேன். என்ன பண்ணுவான்?" என்றேன் ரமாவிடம்.

"காலி பண்ணச் சொல்லுவான். குவார்ட்டர்ஸும் போயாச்சு, மதுராந்தகத்துலயும் ஆள் வந்தாச்சு. பிரபாவதி ஆத்துக்குப் பெட்டியைத் தூக்கிண்டு போகணும். அவ லிஃப்டைக் காட்டுவா. உங்களால முடியுமா?"

முடியாது. பொறுத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் விடிவு பிறந்தது. எங்கள் கழிப்பறைப் பக்கம், பதினைந்தடி தள்ளி, வேறொரு லக்சுரி அபார்ட்மென்டுக்குப் பள்ளம் தோண்டினார்கள். எங்கள் கட்டடமே கொதித்துவிட்டது. வறண்ட குளத்துக்குள் கூட்டம் போட்டு, காற்று போகும், வெளிச்சம் போகும் என்று கலெக்டருக்கு மனு எழுதினார்கள். என்னிடமும் கையெழுத்துக் கேட்டார்கள். இந்தத் தடவை முழுதும் படித்தேன். போடவில்லை.

மறுநாள் காலையிலிருந்து தினமும் ஒரு தூக்கு நிறையச் சுண்டலோடு அந்தச் சைட்டுக்குப் போனேன். வேலை நடக்க வேண்டுமே! மேஸ்திரி பேர் ஜெபகுமார். சித்தாள்களில் கெட்டிக்காரி வேண்டா; மதுராந்தகத்துக்கு அந்தப் பக்கத்து ஊர். ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்ததால் அந்தப் பேர் வைத்தார்களாம். அவள் ஒருநாள் சுண்டலை வாங்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா சாமி, நீ எந்தக் கச்சி? எதிர்ல கட்டடம் வந்தா அல்லாரும் சண்டைக்கு வருவாங்கோ. நீ சுண்டல் எட்த்துகினு வர்ற."

"அதோ, அந்த ஏழாவது மாடி ஓட்டைக்கு நேரே ஒரு சுவர் வரணும்மா. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம்."

அண்ணாந்து பார்த்தாள். "அது கக்கூஸ் ஆச்சே."

"ஆமாம்."

"எது மேலயோ ஏறி நின்னுகினு ஆம்பளைங்க அல்லாரும் எட்டி எட்டிப் பாக்கறாங்களே, அந்தக் கக்கூஸா?"

"அதேதான்."

வேண்டாவின் முகம் சிவந்தது. "தூ! எங்க பொம்பளைங்க இங்க வேலை செய்யறத பாக்கறதுக்கா? அவனுங்க கண்ணு அவிஞ்சி போவ! நீ கவலப்படாத சாமி. அந்த செவுத்தத்தான் மொதல்ல ஏத்தறோம்."

அவர்கள் பார்ப்பது கடலை என்று நான் விளக்கியிருக்கலாம். விளக்கினால் நம்புவாளா என்று யோசித்தேன். நான் ஒருவன் பொய்க்காரன் என்று பேர் வாங்குவதைவிட அவர்கள் பத்துப் பேர் திட்டு வாங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கார்த்திகையில் இரண்டு மாடி வந்தது. மார்கழியில் நான்கு. ஞாயிறுதோறும் பார்த்தசாரதி பலகையிலிருந்து இறங்கும்போது அவர் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கவலை ஏறியது. பனைமரம் முதலில் போயிற்று, பிறகு தண்ணீர்த் தொட்டி. "அஞ்சோட நிறுத்திடுவான் ஸார்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். நான் தைரியம் சொன்னேன். தை முடிவில் ஆறாவது தளம் போட்டார்கள். அன்று சைட்டுக்குப் பாயசமும் கொண்டுபோனேன்.

அப்போதுதான் பார்த்தசாரதி போன் பண்ணினார்.

"மாசி மகத்தன்னிக்கு எங்காத்துல பதினேழு பேர் வரோம் ஸார். சமுத்திர தரிசனம். மகாபலிபுரத்துக்குப் போனா கூட்டம், மணல், வேர்வை. நமக்குத்தான் சொந்தமா கடல் இருக்கே. காலம்பற ஆறுலேர்ந்து பாத்ரூமைக் காலியா வச்சுடுங்கோ. கங்கா ஜலம் தெளிச்சு வச்சா தேவலை."

"எத்தனை மணி வரைக்கும்?"

"மகம் இருக்கற வரைக்கும்."

கணக்குப் போட்டேன். பதினேழு பேர், ஸ்லோகத்தோடு சேர்த்து ஆளுக்குப் பத்து நிமிஷம். மூன்று மணி நேரத்துக்கு என் உடம்பு உத்தரவாதம் தராது. வேண்டாவிடம் ஓடினேன்.

"இன்னும் எத்தனை நாள்ல முடியும்மா?"

"செங்கல் லாரி வந்தா நாளைக்கே முட்ச்சிடலாம். வரணுமே."

வரவில்லை. மாசி மகத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பலகைமேல் ஏறிப் பார்த்தேன். சுவர் எழும்பிவிட்டது. ஆனால் சரியாக என் மூக்குக்கு நேரே, ஒரே ஒரு செங்கல் அளவுக்கு ஓட்டை. அதன் வழியே கடல் முழு நீலத்தில் இருந்தது. அந்த ஓட்டைக்குள் அடங்கியபோது அது முன்னைவிட அழகாகவே இருந்ததுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

காலையில் பட்டும் பஞ்சகச்சமுமாகப் பதினேழு பேர் வந்துவிட்டார்கள். லிஃப்ட் மேல் நம்பிக்கை இல்லாமல் ஐந்து மணிக்கே ஏற ஆரம்பித்திருப்பார்கள் போலிருக்கிறது. வேனில் வழி காட்ட வந்த மோசஸும் கூடவே இருந்தான். வரிசை வாசலில் தொடங்கி, ஹாலைச் சுற்றி, படுக்கையறை வழியாகக் கழிப்பறைக்குப் போயிற்று. ரமா கல்கண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் வரிசையின் கடைசியில் நின்றேன், வேறு காரியத்துக்காக.

முதலில் பார்த்தசாரதி ஏறினார். எட்டிப் பார்த்தார். "இருக்கு! இருக்கு!" என்று கத்தினார். பதினாறு பேரும் கைகூப்பினார்கள். அவரும் கைகூப்பி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஸ்லோகத்தை ஆரம்பித்தார். நீளமான ஸ்லோகம். பாதியில் வெளியே கொத்தனார் கரண்டி சுரண்டுகிற சத்தம் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் நாதஸ்வரம் மாதிரி இருந்தது.

அவர் கண்ணைத் திறந்தபோது ஓட்டையில் கடல் இல்லை. சாரத்தின்மேல் நின்று, கையில் எங்கிருந்தோ தேடிப்பிடித்த ஒரு செங்கலோடு, வேண்டா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சாமி, இன்னிக்கு காலைலயே வந்துட்டியா?"

"யாரு நீ? தள்ளு, தள்ளு! கடலை மறைக்கறே!"

"கடலாம் கடலு! நெத்தி நெறைய நாமம் போட்டுகினு கக்கூஸ்ல ஏறிப் பாக்கற பார்வையப் பாரு! வூட்ல அக்கா தங்கச்சி இல்ல?"

சொல்லிவிட்டுச் செங்கலை வைத்தாள். கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

பார்த்தசாரதி பலகையிலிருந்து இறங்க வெகுநேரம் ஆயிற்று. இறங்கியதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். எட்டு மாதத்தில் அன்றுதான் என் முகத்தை முழுசாகப் பார்த்தார்.

"கடல் எங்க ஸார்?"

"நீங்க கண்ணை மூடற வரைக்கும் இருந்தது."

"வெளையாடறேளா? லிஸ்ட்ல இருக்கு! வாங்கின நெலமைல திருப்பித் தரணும்னு கையெழுத்துப் போட்டிருக்கேள். இல்லேன்னா இந்த மாசமே காலி பண்ணுங்கோ!"

ரமா கல்கண்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். பிரபாவதியின் லிஃப்ட் அவள் கண்ணில் தெரிந்தது. நான் சட்டைப்பையிலிருந்து பத்திரத்தை எடுத்தேன். முப்பத்து மூன்று வருஷம் சும்மா போகுமா?

"ஒரு நிமிஷம். சரக்கு காணாமப் போனா, அப்ப அது யார் கைவசம் இருந்ததோ அவாதான் பொறுப்பு. ஸ்டோர்ஸ்ல அதான் சட்டம். விசேஷ நாள்ல பாத்ரூமை உங்ககிட்ட ஒப்படைச்சுடணும்னு நீங்களே எழுதியிருக்கேள். காலம்பற ஆறு மணிக்கு ஒப்படைச்சேன். அப்ப கடல் இருந்தது. 'இருக்கு இருக்கு'ன்னு நீங்களே ரெண்டு தடவை சொன்னேள், பதினாறு சாட்சி. போனது உங்க கைலேர்ந்து."

பார்த்தசாரதி திரும்பிப் பதினாறு பேரையும் பார்த்தார். பாங்குக்காரர் இல்லையா, ஒப்படைப்பு என்ற வார்த்தை அவருக்குள் எங்கேயோ போய்த் தைத்துவிட்டது.

"அதோட, எங்களைக் காலி பண்ணச் சொல்லிட்டு, புதுசா குடிவரவாளுக்கு என்னத்தைக் காட்டுவேள்? பலகையையா?" என்றாள் ரமா.

வரிசை நடுவிலிருந்து ஸ்ரீதேவியின் அத்தை கேட்டாள்: "ஏம்ப்பா, இங்கேர்ந்து நெஜக் கடல் எவ்வளவு தூரம்?"

"பத்து நிமிசம்மா" என்றான் மோசஸ். "வேன் கீது. பலகை வோணாம், ஏற வோணாம். சும்மா நின்னா அதுவே கால்கிட்ட வரும்."

பதினேழு பேரும் இறங்கினார்கள். கோவளத்தில் நடந்ததை மோசஸ் பிறகு சொன்னான். அலை வந்து பாதத்தைத் தொட்டதும் பார்த்தசாரதி துள்ளிக் குதித்துப் பின்வாங்கி, "ஈரமா இருக்கே" என்றாராம். எனக்கு அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. கடைசி ஆள் படியிறங்கியதும் நான் கழிப்பறைக்குள் போய், பலகையைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்து ரமா கதவைத் தட்டி, உயிரோடு இருக்கிறேனா என்று கேட்டாள்.

சாயங்காலம் முறைப்படி ஒரு காகிதம் தயார் செய்தேன். பொருள்: கடல். எண்ணிக்கை: ஒன்று. இருப்பு: இல்லை. காரணம்: சுவர். மீண்டும் கிடைக்க வாய்ப்பு: சுவர் விழுந்தால். மோசஸ் சாட்சிக் கையெழுத்துப் போட்டான், வேண்டா கைநாட்டு வைத்தாள். ஜூன் மாதம் புதுப் பத்திரம் எழுதும்போது பார்த்தசாரதி அதை வாங்கி மறுபேச்சில்லாமல் கோத்துக்கொண்டார். பட்டியலில் கடலை அடித்தார். பலகையை அடித்தார். வெறுமையாக இருந்த இடத்தைப் பார்க்கச் சகிக்காமல் 'சுவர் – 1' என்று எழுதினார். அது எதிர்க்கட்டடத்தின் சரக்கு என்று சொல்லி அதையும் அடிக்க வைத்தேன். வாடகையில் கடலுக்கான தொகையையும் குறைத்தார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கவேயில்லை. பிரபாவதி மட்டும் ஒருநாள் வந்து, "எங்கேடி உன் கடல்?" என்றாள். "ரிப்பேருக்குப் போயிருக்கு" என்றாள் ரமா.

எதிர்க்கட்டடம் முடிந்து ஆட்கள் குடிவந்தார்கள். எங்கள் கழிப்பறைக்கு நேரே அவர்கள் கழிப்பறை. சுவரை இடித்து ஒரு வென்டிலேட்டரும் வைத்துவிட்டார்கள். கழற்றின கண்ணாடிப் பட்டைகளை மாட்டிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டூலில் ஏறினேன். பதினைந்தடி தூரத்தில், எனக்கு நேரே, ஒரு முகம். கழுத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி அட்டை தொங்குகிறது. சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருக்கிறான். கமோடின்மேல்தான் நிற்கிறான் என்று அந்த உயரமே சொல்லியது.

"குட்மார்னிங் சார், நான் ஹர்ஷவர்தன். புதுசா வந்திருக்கோம். கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?"

"ஏன்?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "உங்களுக்குப் பின்னால திருக்கழுக்குன்றம் மலை இருக்குதாம் சார். ஓனர் ஃபேமிலியோட வந்து வெளியில நிக்கறாரு."

"பத்திரத்துல கையெழுத்துப் போட்டாச்சா?"

"போட்டாச்சு சார். ஆடி வந்துடுதுன்னு அவசரம்."

எனக்குப் பின்னால் இருந்தது ஒரு வாளியும் ரமாவின் ஈரப் புடவையும்தான். இருந்தாலும் தள்ளி நின்றேன்.